சாம்பார்க் கறை சிவந்ததும் வெள்ளைத் துணி பழுப்பேறியதும்: வீட்டுச் சலவை குறித்து ஒரு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. கல்யாணப் பந்தியில் வெள்ளைப் பருத்திச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்ததும் மஞ்சளாக இருந்த இடம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பயந்துபோய் அந்தச் சட்டையோடு வேட்டி, பனியன், துண்டு எல்லாவற்றையும் சேர்த்து, போர்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைக்க, அத்தனையும் பழுப்பேறிவிட்டன. அதே பந்தியில் பட்டுப் புடவையில் விழுந்த நெய்யும் பாயசமும் இன்னும் அப்படியே இருக்கின்றன. இனி என்ன செய்யலாம் என்பது கேள்வி.

முதலில் ஆறுதலான செய்தி. சட்டை சிவந்ததும் துணிகள் பழுப்பேறியதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்வுகள். இரண்டையும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் எது எதனால் நடந்தது என்று புரியாமல் அடுத்த பொருளை எடுத்து ஊற்றினால், சரியாகக்கூடிய கறையும் நிலைத்துவிடும். வீட்டில் துணிகள் பாழாவதற்குக் கறையைவிட, கறை இன்னதென்று பாராமல் கைக்கு எட்டியதைப் போட்டுத் தேய்ப்பதே பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மஞ்சளில் நிறம் தருவது குர்குமின் என்னும் சாயப்பொருள். அது பச்சைத் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எண்ணெயிலும், ஆல்கஹால் எனப்படும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். அமிலத்தன்மை இருக்கும் இடத்தில் மஞ்சளாகவும், காரத்தன்மை கூடும் இடத்தில் சிவப்பாகவும் அது நிறம் காட்டும். ஆரத்திக்குக் கரைக்கும் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்த நொடியில் தட்டு முழுவதும் சிவந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தங்கள் சட்டையில் நடந்ததும் அதுதான். துணி சோப்புக் கட்டியில் காரம் அதிகம். அது பட்டதும் மஞ்சள் சிவந்தது. கறை புதிதாக எதுவும் ஆகிவிடவில்லை, ஆழமாக இறங்கிவிடவும் இல்லை. சோப்பு முழுவதும் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசினால் சிவப்பு மங்கி மஞ்சள் திரும்பும். நம்பிக்கை வராவிட்டால் சிவந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே மஞ்சளாகும். கறை இன்னும் மஞ்சள்தான், வேறொன்றாகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை.

ஆனால் சாம்பார்க் கறை என்பது வெறும் மஞ்சள் அல்ல. தாளித்த எண்ணெயில் கரைந்த மஞ்சளும் மிளகாயின் சிவப்பும், பருப்பும், புளியும் சேர்ந்த ஒரு கூட்டு அது. குர்குமின் எண்ணெயோடு எண்ணெயாகக் கலந்து நூலிழைக்குள் போயிருப்பதால், எண்ணெயை எடுக்காமல் நிறத்தை எடுக்க முடியாது. எனவே வரிசை முக்கியம். படிந்திருக்கும் பருப்பையும் காயையும் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுங்கள். விரலால் துடைத்தால் கறை பரவும். பிறகு துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விடுங்கள். முன்பக்கம் விழும் தண்ணீர் கறையை உள்ளே தள்ளும். பின்பக்கம் விழுவது வெளியே தள்ளும். அடுத்து, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பில் சில சொட்டுகளைக் கறைமீது விட்டு, விரல் நுனியால் மெல்லத் தட்டி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைத்தூள் போட்டு அலசினால் எண்ணெயும் அதோடு நிறத்தின் பெரும்பகுதியும் போய்விடும். எஞ்சுவது ஒரு வெளிர் மஞ்சள் நிழல்தான்.

அந்த நிழலை எடுப்பதற்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும் பொருள். நம் ஊர் வெயில் அதற்குப் போதும். சோப்பு இல்லாமல் அலசிய சட்டையை ஈரத்தோடே, கறை உள்ள பக்கம் வானத்தைப் பார்க்கும்படி விரித்துப் போடுங்கள். கொடியில் மடித்துத் தொங்கவிட்டால் மடிப்பின் உட்புறம் அப்படியே இருக்கும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், மெல்லியதாகப் படிந்த ஓரங்கள் முதலில் வெளுத்து, நடுவில் திட்டாக இருந்த இடம் மட்டும் ஒரு சிறிய மஞ்சள் தீவாக நிற்கும். அங்கே தண்ணீர் தெளித்து மறுபடி வெயிலில் விட்டால் அடுத்த நாளுக்குள் அதுவும் பெரும்பாலும் போய்விடும். மழைக்காலமாக இருந்தால், கைகளுக்குப் போடும் சானிடைசரையோ மருந்துக்கடை ஸ்பிரிட்டையோ பஞ்சில் தொட்டு, கறைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, மேலிருந்து ஒற்றி எடுக்கலாம். சாராயத்தில் கரைந்த மஞ்சள் கீழே உள்ள துணிக்கு இறங்குவதைப் பார்க்க முடியும். சாயத் துணியாக இருந்தால் வெயில் அந்தச் சாயத்தையும் வெளுக்கும் என்பதால், கறை உள்ள இடத்தைத் தவிர மற்ற பகுதியை மூடிவைத்து, அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது நிகழ்வுக்கு வருகிறேன். இதுதான் பல வீடுகளில் புரியாமல் தொடர்ந்து நடப்பது. ப்ளீச்சிங் பவுடர் வெளுக்கும் பொருள்தானே, அதில் ஊறிய வெள்ளைத் துணி எப்படிப் பழுப்பாகும்? குற்றவாளி பவுடர் அல்ல, தண்ணீரில் இருந்த இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு, பூமிக்குள் காற்றுப் படாத நிலையில் நிறமற்றதாக இருக்கும். அதனால் குழாயில் வரும்போது தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத் தெரியும். காற்றுப் பட்டதும் அது மெல்ல மெல்லத் துருவாக மாறிப் பழுப்பு நிறத்தில் படியும். ப்ளீச்சிங் பவுடர் அந்த மாற்றத்தை நிமிடங்களில் நடத்திவிடும். துணி ஊறிக்கொண்டிருக்கும் வாளிக்குள்ளேயே துரு உண்டாகி, நூலிழைகளுக்குள் படிந்துவிடுகிறது. அதாவது, தங்கள் துணிகள் வெளுக்காமல் போகவில்லை. அவற்றுக்குத் துருச்சாயம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தாலே துணியில் கறை படியும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி குறிப்பிடுகிறது. அவ்வளவு சிறிய அளவே போதும்.

தங்கள் தண்ணீரில் இரும்பு உண்டா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் போர்த் தண்ணீரைப் பிடித்து ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் மேற்பரப்பில் மெல்லிய, எண்ணெய்போல் மின்னும் ஓர் ஏடும், அடியில் செங்கல் பொடிபோன்ற மெல்லிய படிவும் இருந்தால், காரணம் தெளிவு. அப்படிப்பட்ட தண்ணீரோடு குளோரின் வகை வெளுப்பான் எதையும், பொடியாகவோ திரவமாகவோ, ஒருநாளும் சேர்க்காதீர்கள். முந்தைய நாள் பிடித்து வைத்துத் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து வெள்ளைத் துணிக்குப் பயன்படுத்தலாம்; முடிந்தால் கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் குடிநீரையோ மழைநீரையோ வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரைச் சேமித்து வைத்திருக்கும் வீட்டில் வேட்டியின் வெண்மையே தனி என்று பெரியவர்கள் சொல்வதில் மிகை ஏதும் இல்லை.

படிந்துவிட்ட துருவை எடுப்பது அமிலத்தின் வேலை. சோப்பு அதைத் தொடாது, வெளுப்பான் அதை மேலும் நிலைக்கச் செய்யும். ஆனால் அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ப்ளீச்சிங் பவுடரின் மிச்சம் துணியில் இருக்கும்போது அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. கழிவறை கழுவும் ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுவதால் நேரும் விபத்துகள் இதனால்தான். ஆகவே துணிகளை வெறும் தண்ணீரில் பலமுறை அலசி, ப்ளீச் வாடை கொஞ்சமும் இல்லை என்று உறுதியான பிறகு, ஒருமுறை காயவைத்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பழுப்பேறிய துணிகளை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். இரும்பு வாளியோ கைப்பிடி துருவேறிய வாளியோ கூடாது. நிறம் குறையக் குறையத் தண்ணீர் மங்கலான மஞ்சளாகும். அது துருவின் இரும்பு கரைந்து வெளிவருவதன் அடையாளம். தேவைப்பட்டால் புதிய கரைசலில் மீண்டும் செய்யலாம். ஒரே இடத்தில் மட்டும் துருக்கறை இருந்தால், உதாரணமாக இரும்புக் கொடிக்கம்பியோ சட்டையில் குத்திய ஊக்கோ பட்ட இடத்தில், எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் தடவி வெயிலில் வைக்கும் பழைய முறையே போதும். பிடிவாதமான துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் இதைவிட வலுவானது, ஆனால் அது விஷம். கையுறையோடு, குழந்தைகள் இல்லாத இடத்தில், மிகக் குறைந்த அளவில்தான் அதைக் கையாள வேண்டும். எந்த அமிலத்தைப் பயன்படுத்தினாலும் முடிவில் நன்றாக அலசிவிடுங்கள், ஏனெனில் பருத்தியில் அமிலம் தங்கிக் காய்ந்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியும் பட்டால் நூல் இற்றுப்போகும்.

துரு போன பிறகுதான் வெண்மையைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குக் குளோரின் வகையைவிட ஆக்சிஜன் வகை வெளுப்பான் பாதுகாப்பானது. சோடியம் பெர்கார்பனேட் என்று உறையில் எழுதியிருக்கும் பொடிகள் இவ்வகை. வெந்நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி வெளுக்கும். பெரும்பாலான சாயத் துணிகளையும் இது கெடுப்பதில்லை. ஆனால் துணியில் துரு இருக்கும்போதே இதைப் போட்டால், இரும்பு பட்ட இடத்தில் வினை வேகமாக நடந்து துணியில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழக்கூடும். துருவை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

இரும்பு இல்லாவிட்டாலும், உப்புத் தண்ணீர் எனப்படும் கடின நீர் தன் பங்கைச் செய்யும். அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையைக் கெடுத்து, கரையாத ஒரு வெண்ணிறப் பிசுக்காகித் துணியிலேயே ஒட்டிக்கொள்கின்றன. துவைத்த துண்டு அட்டைபோல விறைத்திருப்பதும், வெள்ளைச் சட்டை சில மாதங்களில் சாம்பல் பூத்ததுபோல ஆவதும் இதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை என்றும் சொல்கிறது. சோப்பு நுரைக்காத போர்த் தண்ணீர் பல ஊர்களில் இந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இதற்குத் தீர்வு சோப்பைக் கூடுதலாகப் போடுவதல்ல. ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, பத்து நிமிடம் கழித்துச் சலவைத்தூளைப் போடுங்கள். சோடா கால்சியத்தைப் பிடித்துப் படியவைத்துவிடும். தூள் தன் வேலையைச் செய்யும். சலவைச் சோடா பருத்திக்கு மட்டுமே உரியது. சமையல் சோடா வேறு. அது இந்த வேலைக்குப் போதாது.

நீலம் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீலம் அழுக்கை எடுக்காது. மஞ்சள் படிந்த வெள்ளையின்மேல் மிக மெல்லிய நீலச் சாயல் ஏறும்போது கண்ணுக்கு அது தூய வெண்மையாகத் தோன்றும், அவ்வளவுதான். சுத்தமாகத் துவைத்த துணிக்கு நீலம் அழகு தரும். அழுக்கை மறைக்கப் போட்டால் சில சலவைகளில் துணி நீலச்சாம்பலாகிவிடும்.

சலவைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வெள்ளாவி முறையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, பெரிய பானைகளின்மேல் அடுக்கி, இரவு முழுவதும் அடியில் தீயெரித்து ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் ஆற்றுத்துறையில் அடித்துத் துவைத்து, மணலிலும் புல்லிலும் விரித்து உலர்த்துவார்கள். உவர்மண்ணில் இருப்பது சலவைச் சோடாவேதான். காரமும் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கின்றன, ஆற்று நீர் அதை அடித்துச் செல்கிறது, ஈரத் துணியில் படும் வெயில் எஞ்சிய நிறத்தை வெளுக்கிறது. நான் மேலே சொன்ன வரிசையும் இதுவே. இந்த அறிவைத் தம் உழைப்பால் காத்தவர்களுக்கு உரிய மரியாதையை நம் சமூகம் தரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெள்ளாவியில் ஆவி நல்லது செய்தது என்பதால் எல்லாக் கறைக்கும் வெந்நீர் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. இரத்தம், பால், முட்டை போன்றவை புரதக் கறைகள். வெந்நீர் பட்டால் முட்டை வேகும்போது கெட்டிப்படுவதுபோலவே அந்தப் புரதம் இழைக்குள் கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் எடுப்பது மிகக் கடினம். இரத்தம் பட்ட துணிக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் முதல் மருந்து. உலர்ந்துவிட்டிருந்தால் உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு நொதி (என்சைம்) சேர்த்த சலவைத்தூளில் ஊறவைக்கலாம். வெள்ளைப் பருத்தியில் எஞ்சும் பழுப்பு வட்டத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைப் பிரிப்பதால் வரும் நுரை அது. மாதவிடாய்த் துணிகளுக்கும் இதே முறைதான். அவற்றை யார் கண்ணிலும் படாதபடி மற்றத் துணிக்கு அடியில் மறைத்துக் காயவைக்கும் பழக்கத்தை வீடுகள் கைவிட வேண்டும். நேரடி வெயிலில் முழுமையாக உலர்வதே உடலுக்கு நல்லது.

பில்டர் காபியில் பாலின் புரதமும் கொழுப்பும், சர்க்கரையும், காபித்தூளின் பழுப்பும் இருக்கின்றன. குளிர்ந்த நீரில் உடனே அலசி, பிறகு சலவைத்தூளில் ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். தேநீர், வெற்றிலை எச்சில், இளநீர் மட்டையின் சாறு, வாழைக்கறை ஆகியவை வேறு குடும்பம்; இவற்றில் துவர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. கடுக்காயின் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துத்தான் பழைய சாயக்காரர்கள் அழியாத கறுப்பை உண்டாக்கினார்கள். அதனால் இந்தக் கறைகளை இரும்பு உள்ள தண்ணீரில் ஊறவைத்தால் அவை கறுத்துப்போகும். வெற்றிலைக் கறையின் சிவப்பு, பாக்கின் துவர்ப்போடு சுண்ணாம்பின் காரம் சேர்ந்ததால் வருவது. சோப்புக் கட்டி அதற்கு உதவாது. புளித்த தயிரையோ எலுமிச்சைச் சாற்றையோ தடவி, சிவப்பு மங்கிய பிறகு சலவைத்தூளுக்குப் போக வேண்டும்.

வாழைக்கறை இவற்றிலெல்லாம் பொல்லாதது, காரணம் அது முதலில் கண்ணுக்குத் தெரியாது. தண்டு நறுக்கும்போதும் பூ ஆயும்போதும் தெறிக்கும் சாறு தண்ணீர்போலத்தான் இருக்கும். காற்றுப் படப்பட, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதுபோல அதுவும் கறுத்து, அடுத்த நாள் மைபோல நிற்கும். தெறித்த அந்த நிமிடத்திலேயே அலசினால் தப்பிக்கலாம். உலர்ந்தபின் வெள்ளைத் துணியில் ஆக்சிஜன் வெளுப்பானை மீண்டும் மீண்டும் பயன்படுத்தி மங்கவைக்கலாம். சாயத் துணியில் முழுவதும் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மாங்காய்ப் பாலும் முந்திரிக்கொட்டையின் எண்ணெயும் இன்னும் மோசம். இந்த இரண்டு மரங்களும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சலவைக்கு வரும் துணிகளில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத குறியை இடுவதற்குச் சேங்கொட்டைச் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்தால், மாங்காய்ப் பால் பட்ட சட்டை ஏன் மீள்வதில்லை என்பது விளங்கும்.

பந்துமுனைப் பேனாவின் மை சாராயத்தில் கரையும். மஞ்சளுக்குச் சொன்னதுபோல ஸ்பிரிட்டை ஒற்றி எடுங்கள், அடியில் உள்ள துணியை அடிக்கடி மாற்றுங்கள், தேய்க்காதீர்கள். ஜெல் பேனாவின் மையில் கரையாத நிறத்துகள்கள் இருப்பதால் பலன் குறைவு. வாக்குச்சாவடியில் விரலில் வைக்கும் மை சேலையிலோ சட்டையிலோ பட்டுவிட்டால் எதையும் முயல வேண்டாம். 1962 பொதுத் தேர்தல் முதல் மைசூரில் தயாராகிவரும் அந்த மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது; வெளிச்சம் பட்டுக் கறுத்து நிலைத்துவிடும் பொருள் அது, வீட்டில் உள்ள எதுவும் அதைக் கரைக்காது.

மெழுகு, பபுள்கம் இரண்டையும் பனிக்கட்டியால் இறுகவைத்துச் சுரண்டலாம். சைக்கிள் சங்கிலிக் கிரீஸுக்கு மண்ணெண்ணெய் உதவும், ஆனால் அந்தத் துணியை வாடை போகும்வரை கையால் துவைத்த பிறகே சலவை இயந்திரத்தில் போட வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. குங்குமம் கொட்டினால் ஈரக்கை படக்கூடாது. உதறி, உலர்ந்த தூரிகையால் தட்டி, துகள் முழுவதும் போனபின்தான் தண்ணீர். சட்டைக் காலரின் கறுப்பு உடம்பின் எண்ணெயில் ஒட்டிய தூசி. ஊறவைக்கும் முன் திரவச் சலவைச் சோப்பையோ ஷாம்பூவையோ தடவி வைப்பது பிரஷ்ஷால் தேய்ப்பதைவிட நல்லது. அக்குள் மஞ்சளுக்குக் குளோரின் வெளுப்பானைப் போட்டால் மஞ்சள் கூடும்; ஆக்சிஜன் வகையே சரி.

எந்தக் கறையானாலும், அது முழுவதும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். இளநீர், பழச்சாறு, சோடா போன்றவற்றின் சர்க்கரை உலர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, இஸ்திரிச் சூட்டில் கருகிப் பழுப்பாகத் தோன்றும். 'துவைத்து மடித்த துணியில் புதிதாகக் கறை வந்தது' என்று பலர் வியப்பது இதனால்தான்.

பலரும் பகிரும் சில குறிப்புகளைப் பற்றிக் கேட்கிறார்கள். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்பு நீர். தனித்தனியாக இரண்டுக்கும் பயன் உண்டு, சேர்த்தால் இல்லை. பற்பசை துணியைத் தேய்த்து நைக்கும். சலவை இயந்திரத்தில் தூளை அள்ளிப் போடுவதும் தவறு. அலசி முடியாத நுரை துணியிலேயே தங்கி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வரும் முடைநாற்றத்துக்கும் அது ஒரு காரணம். காயாத வேட்டியில் விழும் கரும்புள்ளிகள் பூஞ்சை. அவை புதிதாக இருக்கும்போது ஆக்சிஜன் வெளுப்பானிலும் வெயிலிலும் போகும். பழையதாகிவிட்டால் பூஞ்சை செத்தாலும் புள்ளி நிற்கும்.

கடைசியாகப் பட்டுப் புடவை. இதுவரை பருத்திக்குச் சொன்ன எதையும் பட்டுக்குச் செய்யாதீர்கள். பட்டு புரத இழை. சலவைச் சோடா போன்ற காரம் அதன் பளபளப்பைக் கெடுத்து இழையை அரிக்கும், குளோரின் வெளுப்பான் அதைக் கரைத்தே விடும், புரதக் கறைகளைத் தின்பதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கப்படும் நொதி பட்டையும் தின்னும். நெய்க்கறையின்மேல் வாசனை சேர்க்காத வெள்ளை டால்கம் பவுடரைத் தாராளமாகத் தூவி, அழுத்தாமல், ஓரிரவு விட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பவுடர் பிசுபிசுத்திருந்தால் நெய்யை இழுத்திருக்கிறது என்று பொருள். புதிய பவுடரோடு மறுபடியும் செய்யலாம். பாயசத்தில் பாலும் சர்க்கரையும் இருப்பதால் அதற்குத் தண்ணீர் தேவை. அடியில் உலர்ந்த வெள்ளைத் துணியை வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த இன்னொரு துணியால், கறையின் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுங்கள். அதற்குமுன் தலைப்பின் உள்மடிப்பில் ஓரிடத்தில் நனைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜரிகையில் தண்ணீர் தங்க விடாதீர்கள், நிழலில் காற்றாட உலர்த்துங்கள். பருத்திக்கு மருந்தான வெயில் பட்டின் நிறத்துக்குப் பகை. முழுப் புடவையையும் அலச நேர்ந்தால் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரே வீட்டில் கிடைக்கும் மிக மென்மையான பொருள்.

இதற்குப் பிறகும் கறை தெரிந்தால் டிரை வாஷ் கடையில் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது இன்ன இடத்தில் நெய், இன்ன இடத்தில் பாயசம், இன்ன நாளில் பட்டது, வீட்டில் இன்னது செய்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிப் புடவையோடு ஊக்கால் குத்தாமல் நூலால் கட்டிக் கொடுங்கள். அங்கே பயன்படுத்தும் கரைப்பான் நெய்யைக் கரைக்கும், சர்க்கரையைக் கரைக்காது. சொல்லாவிட்டால் பாயசத்தின் சர்க்கரை உள்ளேயே தங்கி, இஸ்திரி போடும்போது பழுப்பாகிவிடும். அந்தக் கரைப்பானுக்குப் பதிலாகப் பெட்ரோலை வீட்டில் வைத்துத் துடைக்க மட்டும் முயலாதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவிக்கு ஒரு சுவிட்சின் பொறியே போதும்.